சைக்கிள் திறப்பைக் கொடுக்கும் முன்

பின்னேரம் ஐந்தரைக்குத் திருகோணமலையில் ஒரு ரியூசன் வகுப்பின் வாசலைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். உள்ளே தரம் எட்டு, ஒன்பது பிள்ளைகள்; வெளியே அப்பாமார். "ஸ்கொலஷிப் முடியட்டும், பிறகு தனிய விடுவம்" என்று தொடங்குவது "ஓஎல் முடியட்டும்" ஆகி, பிறகு "ஏஎல் முடியட்டும்" ஆகிறது. பத்தொன்பது வயதில் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ படிக்கப் போகிற பிள்ளை, சட்டை தோய்க்கவும் பஸ் மாறி ஏறவும் சோறு வைக்கவும் ஒரே மாதத்தில் பழக வேண்டி வருகிறது. பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்க வேண்டியவை அவை.

அந்தப் பத்து வருடத்தில் எதை, எந்த ஒழுங்கில், எப்படிக் கைமாற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். வயதுக் கணக்குகள் ஏறக்குறையத்தான். ஒழுங்கைக்குள் வீடு இருக்கிற பிள்ளைக்கும் கண்டி வீதியோரம் வீடு இருக்கிற பிள்ளைக்கும் ஒரே வயது பொருந்தாது.

முதலில் ஞாபகத்தைக் கொடுங்கள்

ஒரு வேலையில் மூன்று பங்கு இருக்கிறது. அதை ஞாபகம் வைத்திருப்பது, கையால் செய்வது, பிழைத்தால் பலனைத் தாங்குவது. பெரும்பாலான வீடுகளில் நடுப்பங்கு மட்டும்தான் பிள்ளைக்குக் கிடைக்கிறது. "கொப்பி எடுத்தியா? பெல்ட் கட்டினியா? போத்தல் எங்க?" என்று காலை ஆறரைக்கு ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் குரல்தான் பிள்ளையின் ஞாபகம். குரலுக்குத் தடிமன் பிடித்த நாளில் பை பாதிதான் நிரம்பும்.

புத்தகப்பையை வைத்தே தொடங்கலாம். ஏழு வயது போதும். நேரசூசியைப் பிள்ளையின் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் கண் மட்டத்தில் ஒட்டினால் அது உங்களுக்கான நேரசூசி. பைக்கு ஓர் இடம், சப்பாத்துக்கு ஓர் இடம் என்று நிரந்தரமாக வையுங்கள். அடுக்குவது இரவில், சாப்பாட்டுக்கு முன். காலையில் அடுக்கினால் ஏழரை மணிப் பள்ளிக்கூடம் எல்லாரையும் விரட்டும், நீங்கள் கை வைத்துவிடுவீர்கள்.

முதல் கிழமை பக்கத்தில் இருந்து சேர்ந்து அடுக்குங்கள். இரண்டாம் கிழமை பிள்ளை அடுக்கட்டும்; நீங்கள் அதே அறையில் வேறு வேலை பாருங்கள். மூன்றாம் கிழமை ஒரே ஒரு கேள்வி: "பை சரியா?" நாலாம் கிழமை அந்தக் கேள்வியும் இல்லை.

அந்த நாலாம் கிழமையில்தான் பெற்றோர் தோற்பது. கணக்குக் கொப்பி மேசையில் கிடக்கிறது, பிள்ளை போய்விட்டது. உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினால், முன்னைய மூன்று கிழமையும் வீண். கொப்பி மேசையிலேயே கிடக்கட்டும். ரீச்சர் ஏசட்டும். பின்னேரம் வந்து பிள்ளை சொல்லும்போது "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்காமல், "நாளைக்கு எப்படி மறக்காமல் இருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் மாதத்தில் மூன்று நாலு தரம் மறப்பது சாதாரணம். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை சில உண்டு: மூக்குக்கண்ணாடி, இழுப்பு உள்ள பிள்ளையின் பம் (இன்ஹேலர்), வேறு மருந்து, பரீட்சை அனுமதி அட்டை. இந்தப் பட்டியலை நீட்டாதீர்கள்.

அம்மம்மா இருக்கிற வீட்டில் இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் கையை எடுத்த இடத்தில் அவர் சத்தமில்லாமல் கை வைத்துவிடுவார். இரவில் எழும்பிப் பையைத் திறந்து பார்ப்பார். "செய்யாதீங்கோ" என்றால் மனம் நோகும். அவருக்கு வேறு பதவி கொடுங்கள். கிழமைக்கு ஒருநாள், சனிக்கிழமை, பிள்ளை தன் பையை அவர் முன்னால் கொட்டி அடுக்கிக் காட்டட்டும். மற்ற நாட்களில் அது பிள்ளையின் இலாகா.

கடைக்கு முதல் தனிப் பயணம்

எட்டு வயதளவில், பெரிய வீதி கடக்கத் தேவையில்லாத ஒழுங்கைக் கடை ஒன்று இருந்தால் தொடங்கலாம். முதல் மூன்று தரம் ஒரே கடை, ஒரே பாதை, இரண்டு சாமானுக்கு மேல் வேண்டாம். கடைக்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சாமானின் விலை முந்நூறு ரூபா அளவில் இருந்தால் ஐந்நூறு தாளைக் கொடுத்து, மிச்சம் எவ்வளவு வர வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போய்க் கணக்குப் பார்த்தால் பின்னால் நிற்கிறவர்களின் அவசரத்தில் குழம்பும்.

சில்லறை இல்லை என்று டொபியைத் திணிக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சின்னப் பிள்ளைக்கு அது பரிசு போலத் தெரியும். வீட்டில் இதை நடித்துப் பழக்குங்கள். நீங்கள் கடைக்காரர், பிள்ளை சொல்ல வேண்டிய வசனம் "மிச்சம் காசாத் தாங்கோ அண்ணை." சத்தம் வரும் வரைக்கும் நாலைந்து தரம் சொல்ல வையுங்கள். வெட்கப்பட்டு முணுமுணுக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு வசனம் சொல்ல வருவது, பிறகு பஸ்ஸிலும் கந்தோரிலும் வாய் திறக்கிற முதல் பயிற்சி.

ஒளிந்து ஒளிந்து பின்னால் போகாதீர்கள். ஒருதரம் திரும்பிப் பார்த்துக் கண்டுகொண்டால், அதற்குப் பிறகு எத்தனை வயதிலும் "பின்னால அப்பா நிக்கிறாரோ" என்ற சந்தேகம் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் படலையில் வெளிப்படையாக நில்லுங்கள். அடுத்த தரம் முற்றத்தில். அதற்கடுத்த தரம் உள்ளே. போய்வர எத்தனை நிமிடம் எடுக்கும் என்று நீங்கள் நடந்து பார்த்து, அதன் இரண்டு மடங்கைக் கெடுவாக வையுங்கள். பிள்ளைகள் வழியில் ஓணானைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கும் நேரம் வேண்டும்.

வீதியும் சைக்கிளும்

இதை அவசரப்படுத்தக் கூடாது. பத்து வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிற வாகனத்தின் வேகத்தை மட்டிட வராது. தூரத்தை மட்டும் பார்த்து "அங்கதானே வருது" என்று முடிவெடுக்கும். அதனால் அந்த வயதில் நடந்து கடப்பதை மட்டும் பழக்குங்கள்.

எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் கடக்கிறவருக்கு முதலில் வருவது வலப்பக்கத்து வாகனம். வலம், இடம், மறுபடி வலம் பார்த்துவிட்டு, பாதி கடந்தபிறகு இடம். இதை எல்லாப் பிள்ளையும் பாடமாகச் சொல்லும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மஞ்சள் கடவையில் பஸ் மரியாதையாக நிற்கும், சாரதி கையைக் காட்டுவார், பிள்ளை ஓடும். பஸ்ஸின் மறுபக்கத்தால் முந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரும். ஆகவே பழக்க வேண்டியது இது: நின்ற வாகனத்தின் ஓரத்துக்கு வந்ததும் நீயும் நில், தலையை மட்டும் நீட்டிப் பார், பிறகு போ. சாரதி கை காட்டினால் தான் நிற்கிறேன் என்று மட்டும்தான் அர்த்தம். இறங்கிய பஸ்ஸுக்கு முன்னால் கடக்கவே கூடாது. அது போகும் வரை நிற்க வேண்டும்.

சைக்கிளுக்கு வருவோம். சீற்றில் இருந்தால் இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் நிலத்தில் முட்ட வேண்டும். "வளரும்தானே" என்று பெரிய சைக்கிள் வாங்கினால், சந்தியில் நிறுத்தும்போது ஒரு பக்கம் சரியும். சரிவது பெரும்பாலும் வீதிப் பக்கமாகத்தான். புறப்படுமுன் மூன்று பார்வை, அரை நிமிடம். ரயரைப் பெருவிரலால் அமத்தினால் நெளியக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குத் தள்ளினால் பின்சில்லு உருளாமல் இழுபட வேண்டும். செயினில் துரு இருக்கக் கூடாது. உப்புக் காற்று உள்ள ஊர் இது. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டில் செயினும் பிரேக் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் பழந்துணியால் துடைத்து நாலு துளி எண்ணெய் விடுவதைப் பிள்ளையின் வேலையாக்குங்கள். கூடவே பிரேக் கம்பியில் பிசிர் எழும்பியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பிசிர் தெரிந்தால் அடுத்த கிழமை அது அறும்.

செயின் கழன்றால் போடுவதையும் முற்றத்தில் வைத்தே காட்டுங்கள். முதலில் பின் பற்சில்லில் மாட்டு. பிறகு முன் பற்சில்லின் மேற்பற்களில் கொளுவு. பின்சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை மெதுவாக முன்னுக்குச் சுற்று, தானாக ஏறும். விரலை விடாமல் ஒரு குச்சியால் தள்ள வேண்டும். பெண்பிள்ளை என்றால் பாவாடை, சால்வை நுனி செயினில் அகப்படும். செயின் மூடி இல்லாத சைக்கிளை அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

வகுப்புக்குத் தனியே போக விடுவதற்கு முன் ஐந்து ஓட்டம் தேவை. பன்னிரண்டு வயதளவில் தொடங்கலாம். முதல் ஓட்டம் ஞாயிறு காலை. நீங்கள் முன்னால், பிள்ளை பின்னால். இரண்டாவதில் பிள்ளை முன்னால், நீங்கள் பின்னால், வாய் திறக்காமல். மூன்றாவது ஓட்டமும் இதேதான், ஆனால் வகுப்பு நடக்கிற நாளில், வகுப்பு நேரத்தில். ஞாயிறு காலை அனுராதபுரச் சந்தியும் திங்கள் பின்னேரம் அதே சந்தியும் இரண்டு ஊர். நாலாவதில் பிள்ளை தனியே வரும், நீங்கள் வகுப்பு வாசலில் காத்திருப்பீர்கள். ஐந்தாவதில் நீங்கள் வீட்டில்.

வாய் திறக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாலிருந்து "கவனம்! லொறி!" என்று கத்தினால் பிள்ளை லொறியைப் பார்க்காது, உங்களைத் திரும்பிப் பார்க்கும். வலத்தோளுக்கு மேலால் தலை திரும்பினால் தோளும் திரும்பும், ஹாண்டிலும் சேர்ந்து வலப்பக்கம் போகும். லொறி வருவதும் அந்தப் பக்கத்தால்தான். பிழைகளை மனதில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தபிறகு சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிழை போதும்.

எங்கள் வீதிகளுக்கென்று சில சட்டங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் திரும்புகிற பெரிய சந்தியில் பதினாலு வயது வரை இறங்கி உருட்டிக்கொண்டே கடக்க வேண்டும். கண்டி வீதியில் பார லொறி ஓடும். திரும்பப் போகிற லொறியின் இடப்பக்க இடுக்குக்குள் ஒருபோதும் நுழையக் கூடாது. அதன் கண்ணாடியில் சாரதியின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. உவர்மலையிலிருந்து இறங்குகிற பிள்ளை இறக்கம் தொடங்குவதற்கு முன்னமே பிரேக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பாதி இறக்கத்தில் அல்ல. கடற்கரை ஒழுங்கைகளில் தாருக்கு மேல் மணல் படிந்திருக்கும். அங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சில்லு வழுக்கும். பிறகு மான். கோட்டைப் பக்கம் மட்டும் இல்லை, ரவுணுக்குள்ளும் வரும். ஒன்று குறுக்கே போனால் நிற்க வேண்டும், ஏனென்றால் அதன் பின்னால் இன்னொன்று இருக்கும். வெளியூர்ப் பெற்றோருக்கு எழுதினால் இந்த வரியை வெட்டியிருப்போம்.

நேரத்தையும் பாருங்கள். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும், மழையும் அப்போதுதான். ஐப்பசி முதல் மார்கழி வரை வெளியே போகிற புதுப் பழக்கம் எதையும் தொடங்க வேண்டாம். தையில் புது வகுப்பு, காய்ந்த வீதி, கொஞ்சம் நீண்ட பின்னேரம். மாசியில் தொடங்கினால் அடுத்த மாரிக்குள் ஒன்பது மாதப் பழக்கம் இருக்கும்.

தனியே விடுவதற்கு முன் பிள்ளையிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். காற்றுப் போனால்? மழை பிடித்தால்? செயின் கழன்றால்? யாராவது மறித்துப் பேச்சுக் கொடுத்தால்? வகுப்பு இல்லை என்றால்? கடைசிக் கேள்வியைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். சேர் வரவில்லை, இரண்டு மணித்தியாலம் கையில் இருக்கிறது, கூட்டாளிமார் "பீச்சுக்குப் போவம்" என்கிறார்கள். அதற்கு முன்னமே விடை இருக்க வேண்டும்: வீட்டுக்கு வா, அல்லது பெயர் சொல்லி வைத்த இன்ன வீட்டுக்குப் போய் அங்கிருந்து அழைப்பு எடு. காற்றுப் போனால் உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஏறி ஓடினால் ரியூப் கிழிந்து றிம்மும் நெளியும். பஞ்சர் ஒட்டவும் ஓட்டோவுக்கும் போதுமான காசைப் புத்தகப்பையின் உள்ளறையில் மடித்து வையுங்கள். செலவழித்தால் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

குசினி

இங்கே ஓர் ஓரவஞ்சனை நடக்கிறது. பெண்பிள்ளைக்குக் குசினியைக் கொடுத்து வீதியை மறுக்கிறோம். ஆண்பிள்ளைக்கு வீதியைக் கொடுத்துக் குசினியை மறுக்கிறோம். இரண்டும் அரைப்பிள்ளையாக வளர்கிறது. கீழே சொல்வது இருவருக்கும்.

பத்து வயதில் ரைஸ் குக்கரில் சோறு. ஒரு சுண்டு அரிசி இரண்டு பேருக்குக் காணும். சம்பா என்றால் ஒரு சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர்; சிவப்பு நாட்டரிசிக்குக் கால் சுண்டு கூட. மூன்று தண்ணீரில் கழுவி, கல் இருந்தால் அரிக்கன் சட்டியில் அரித்து, தண்ணீர் அளந்துவிட்டு, சட்டியின் வெளிப்பக்கத்தை, முக்கியமாக அடியை, துணியால் துடைக்க வேண்டும். பிள்ளைகள் விடுவது இந்த ஒரு படியைத்தான். ஈர அடியோடு வைத்தால் சீறும், சூட்டுத் தட்டில் கறை பிடிக்கும், கொஞ்ச நாளில் சோறு ஒரு பக்கம் வேகாது. கையைத் துடைத்தபிறகு பிளக். இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. பொத்தான் மேலே எழும்பினபிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டால் அடிச்சோறு ஒட்டாமல் வரும்.

முதல் தரம் சோறு குழைந்தால் குழைந்த சோற்றையே எல்லாரும் சாப்பிடுங்கள். பகிடி வேண்டாம், வேறு சோறு வைக்கவும் வேண்டாம். தண்ணீர் கூடியதா, அரிசி மாறியதா என்று பிள்ளையே சொல்லட்டும்.

பதினொன்றில் பருப்பு, முட்டை, சம்பல். தேங்காய் துருவுகிற இருப்புத் துருவலையில் கடைசி வெள்ளையைச் சுரண்டப் போகும்போதுதான் விரல் வெட்டும். சிரட்டை தெரிந்ததும் நிறுத்தப் பழக்குங்கள். தேங்காய் உடைப்பது பன்னிரண்டுக்குப் பிறகு. காஸ் அடுப்பில் முதலில் பழக வேண்டியது மூட்டுவது அல்ல, அணைப்பது. அடுப்புத் திருகியும் சிலிண்டர் ரெகுலேற்றரும் இரண்டையும் மூட வேண்டும். காஸ் மணத்தால் லைற் சுவிச்சைத் தொடாமல் ரெகுலேற்றரை மூடி, யன்னல் கதவைத் திறந்து, வெளியே வர வேண்டும். எண்ணெயில் பொரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி; பதினாலுக்கு முன் தனியே வேண்டாம்.

சூடு பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம். குழாயில் தண்ணீர் இல்லாத நாளும் வரும். அதற்கு ஒரு வாளி நிரப்பி வைத்திருப்பதும் சமையலின் முதல் படி. பற்பசையோ வெண்ணெயோ பூசக் கூடாது.

கடல்

கடற்கரை ஊரில் பிள்ளையைக் கடலிலிருந்து ஒளித்து வளர்க்க ஏலாது. ஒளித்தால் பதினைந்து வயதில் கூட்டாளிகளோடு ஒளித்துப் போகும், நீந்தத் தெரியாமல். ஆகவே சின்ன வயதில் நீந்தப் பழக்குங்கள். கை கால் அடிப்பதற்கு முன் மல்லாந்து மிதப்பதுதான் முதல் பாடம். இரண்டு நிமிடம் அசையாமல் மிதக்கிற பிள்ளை, களைத்தாலும் பயந்தாலும் அதையே செய்யும்.

எந்த வயதிலும் தனியே கடலில் குளிக்கக் கூடாது. இந்த ஒன்றுக்குப் பதினெட்டு வயதுக்கும் விலக்கு இல்லை.

நவம்பர் முதல் மாசி வரை கடல் கொந்தளிக்கும், எல்லாருக்கும் கண்ணால் தெரியும், அதனால் எல்லாரும் பயப்படுவார்கள். கச்சான் காற்றுக் காலம் வேறு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் தட்டுப் போலக் கிடக்கும். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. பந்து, ரியூப், காற்றடித்த மெத்தை எதுவானாலும் கரைக்குத் திரும்பாது, வெளியே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை பந்துக்குப் பின்னால் போகும். இன்னும் நாலு முழம், இன்னும் நாலு முழம் என்று. "பந்து போனால் போகட்டும், வேற வாங்கலாம்" என்பதைப் போகுமுன்பே வாக்காகக் கொடுங்கள். பந்தைத் தொலைத்ததற்கு ஏச்சு விழும் வீட்டில் பிள்ளை பந்தைத் துரத்தும்.

இழுவை நீரைக் கரையிலிருந்தே காட்டுங்கள்: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் உடையாமல் கறுத்த பட்டியாகத் தண்ணீர் வெளியே ஓடும், நுரை கடலை நோக்கிப் போகும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுப்பு விட்டபிறகு உள்ளே வர வேண்டும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு பள்ளிப் பிள்ளைகளின் படகுப் பயணம் குறைந்துவிட்டது, இல்லாமல் போகவில்லை. 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டுமானத்தில் இருந்த காலத்தில், மிதவைப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற தெப்பம்) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். படகிலோ பஸ்ஸிலோ அதிகமாக ஆள் ஏறியிருந்தால், உயிர்காப்பு அங்கி இல்லை என்றால், ஏறாமல் அடுத்ததுக்கு நிற்கிற உரிமை பிள்ளைக்கு வேண்டும். "பிந்தினால் நான் ஏசமாட்டன், நீ நின்று வா" என்று நீங்கள் சொல்லி, பிந்தி வந்த நாளில் உண்மையிலேயே ஏசாமல் இருந்தால்தான் அந்த உரிமை கைக்கு வரும்.

இன்னொன்றையும் தனியே நடமாடத் தொடங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். நிலம் நீண்ட நேரம் நடுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வீட்டைத் தேடி வரக் கூடாது. நிற்கிற இடத்திலிருந்து கிட்டிய மேட்டுக்குப் போக வேண்டும். ரவுணுக்குள் என்றால் உவர்மலைப் பக்கமா, சுவாமிமலைப் பக்கமா என்று பாதையோடு சேர்த்து நடந்து காட்டுங்கள். 2004 டிசம்பர் 26ஐ உங்கள் பிள்ளை கதையாகத்தான் கேட்டிருக்கும். நீங்களும் அங்கே வருவீர்கள், அதற்கு முன் தன்னைத் தேட மாட்டீர்கள் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசு, போன், ஆட்கள்

கிழமைக்கு ஒரு தொகை, ஞாயிறு இரவில், கேட்காமலே. அந்தத் தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று எழுதுங்கள்: பேனை, இடைவேளைத் தீன், சைக்கிளுக்குக் காற்று, போன் இருந்தால் டேற்றா. புதன்கிழமை முடிந்துவிட்டால் வியாழன், வெள்ளி இல்லாமல் போகட்டும். அப்பா ஒரு தொகை, வெளிநாட்டு மாமா இன்னொரு தொகை என்று வந்தால் இந்தப் பயிற்சி நடக்காது. மாமாவின் காசு சேமிப்புக்குப் போகட்டும்.

போன் இருந்தாலும் இரண்டு இலக்கங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். போன் தண்ணிக்குள் விழுந்த நாளில்தான் அவை தேவைப்படும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர்களுக்கான உதவி அழைப்பு 1929. வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல் வையுங்கள். "அம்மா ஆஸ்பத்திரியில, உன்னைக் கூட்டி வரச் சொன்னவா" என்று யார் வந்தாலும், சொந்தக்காரர் என்றாலும், அந்தச் சொல் தெரியாவிட்டால் போகக் கூடாது. ஒருதரம் பயன்படுத்தினால் சொல்லை மாற்றுங்கள். உடம்பைத் தொடுவது பற்றியும் பூசாமல் பேசுங்கள்: வேண்டாம் என்று சொல்லலாம், விலகி வரலாம், "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும். தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். "தெரியாத ஆட்களோடு பேசாதே" என்ற புத்திமதி மட்டும் போதாது.

பிழைத்தால், அளவு மீறினால்

சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. சைக்கிளைப் பறித்துப் பூட்டி வைத்தால் ஆறு மாதப் பழக்கம் போய்விடும், பிள்ளை அடுத்த தரம் பொய்க் காரணத்தோடு வரும். ஒரே ஒரு படி இறக்குங்கள். ஐந்தாம் ஓட்டத்தில் இருந்த பிள்ளை ஒரு கிழமைக்கு நாலாம் ஓட்டத்துக்கு. நீங்கள் வாசலில் நிற்பீர்கள். கிழமை முடிய, கேட்காமலே திருப்பிக் கொடுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. அம்மா வெளிநாட்டில் வேலை, அப்பா கடலுக்குப் போகிறவர். பதினொரு வயதான மூத்த மகள் தம்பியைக் குளிப்பாட்டி, சமைத்து, பள்ளிக்கு அனுப்புகிறாள். ஊர் "கெட்டிக்காரி" என்கிறது. அது தன்னிச்சையாக நடக்கப் பழகுவது இல்லை, பாரம். தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழகுவது வேறு, இன்னொரு பிள்ளைக்குத் தாயாக இருப்பது வேறு. அவளுக்குத் தேவை இன்னொரு பொறுப்பு அல்ல. கிழமையில் இரண்டு பின்னேரமாவது ஒரு மாமியோ பெரியம்மாவோ தம்பியைப் பொறுப்பெடுக்க வேண்டும்.

வாயைத் திறக்க விடுதல்

பதின்மூன்றுக்குப் பிறகு மிஞ்சுவது கந்தோர், ஆஸ்பத்திரி, வங்கி. டொக்டர் பிள்ளையைப் பார்த்து "என்ன செய்யுது?" என்று கேட்பார், பதில் அம்மாவிடமிருந்து வரும். அடுத்த தரம் உள்ளே போகுமுன் வாசலில் வைத்து மூன்று விஷயத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: எங்கே நோகிறது, எப்போதிருந்து, என்ன மருந்து எடுத்தேன். உள்ளே போனதும் நீங்கள் ஒரு அடி பின்னால் உள்ள கதிரையில் இருங்கள். டொக்டர் உங்களைப் பார்த்தால் நீங்கள் பிள்ளையைப் பாருங்கள். சில செக்கன் மௌனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது அதிபர் ஊடாகப் போகும். படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அதோடு ஒத்துப்பார்த்து, பென்சிலால் ஒரு போட்டோப் பிரதியில் முதலில் எழுதட்டும். பிறகு பேனையால் உண்மைப் படிவத்தில். பெரும்பாலும் பிழைப்பது ஆங்கில எழுத்தில் பெயர்தான்: பள்ளிக்கூடத்தில் ஒரு விதம், சான்றிதழில் இன்னொரு விதம். இப்போது பிடித்தால் ஒரு பின்னேர வேலை. ஸ்ரூடியோவுக்குப் படம் எடுக்கவும் தனியே போகட்டும், சைக்கிளில். தலையை வாரிக்கொண்டு போகச் சொல்லலாம், அவ்வளவுதான்; அந்தப் படம் எப்படி வந்தாலும் அட்டையில் இருக்கப் போவது அதுதான்.